வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒன்று கூடினால்

நம் அறக்கட்டளைக்கு வரும் உதவி மனுக்களில் ஒரு வகை இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம், திருமண உதவி ஆகியவற்றோடு, ‘வீட்டு அட்வான்ஸ்’ என்று எழுதி வரும் மனுக்கள். விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட்டார், அல்லது காலி செய்யச் சொல்லிவிட்டார். புது வீட்டுக்கு அட்வான்ஸ் வேண்டும், புரோக்கருக்குக் கமிஷன் வேண்டும், சாமான் ஏற்ற வண்டிக்கூலி வேண்டும். பைத்துல் மாலில் இருந்து நாம் எடுத்துக் கொடுக்கும் தொகை அந்தக் குடும்பத்தின் கையில் ஒரு நாள்கூடத் தங்காமல் இன்னொரு வீட்டுக்காரரிடம் போய்ச் சேர்கிறது. இரண்டு வருடம் கழித்து அதே குடும்பம் அதே தேவையோடு மறுபடி வந்து நிற்கிறது.

கொடுப்பதில் நமக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தக் குடும்பம் பழைய வீட்டிலேயே, கொடுக்க முடிந்த வாடகையில் இருந்திருந்தால், அந்தப் பணம் வேறொரு பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகி இருக்கும். வீட்டை இழந்த பிறகு உதவுவது ஒரு வழி. வீட்டை இழக்காமல் பார்த்துக்கொள்வது இன்னொரு வழி. இரண்டாவது வழியைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை.

வாடகைக்கும் ஒண்டிக்கும் இருப்பவர்கள் ஒன்று கூடித் தங்கள் குடியிருப்பைக் காத்துக்கொண்டது பல ஊர்களில் நடந்திருக்கிறது. சில இடங்களில் வென்றார்கள், சில இடங்களில் தோற்றார்கள். நமக்கு மிக நெருக்கமான கதை மும்பையில் நடந்தது. அதில் ஒரு தமிழரும், நடைபாதையில் குடியிருந்த முஸ்லிம் பெண்களும் முக்கியமானவர்கள். அதற்கு முன் நம் ஊர் நிலைமையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம்.

இங்கே ஏன் வாடகை ஏறுகிறது

கடலூர் சாலையில் டவுனில் இருந்து சுமார் எட்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது நோணாங்குப்பம். பஸ்ஸுக்குக் குறைவில்லை. டவுனின் பழைய வீதிகளில் வீடுகள் கெஸ்ட் ஹவுஸ்களாகவும் கடைகளாகவும் மாறி வருவதை எல்லோரும் பார்க்கிறோம். அங்கே வாடகை கொடுத்து மாளாதவர்கள் முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், நோணாங்குப்பம் என்று தெற்கே தள்ளி வருகிறார்கள். ஆனால் நம் ஊருக்கென்று இன்னொரு ஈர்ப்பும் உண்டு. சுண்ணாம்பாறு போட் ஹவுஸுக்கும் பாரடைஸ் பீச்சுக்கும் சனி, ஞாயிறில் வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 7,000 ரூபாய் வாடகை வரும் இரண்டு அறை வீடு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அதையே வெள்ளையடித்து, இரண்டு கட்டிலும் ஒரு ஏசியும் போட்டு, சுற்றுலா வருபவர்களுக்கு ஓர் இரவுக்கு 1,500 என்று விட்டால், மாதத்தில் எட்டு இரவு ஆள் வந்தாலே 12,000. மிச்ச நாள் பூட்டிக் கிடந்தாலும் வீட்டுக்காரருக்கு லாபம்தான். இந்தக் கணக்கு ஒரு வீட்டுக்காரரின் மனதில் வந்துவிட்டால், பக்கத்து வீட்டு வாடகையும் அதைப் பார்த்து நகர்கிறது. யாரும் கெட்டவர்கள் என்பதால் இது நடப்பதில்லை. ஆனாலும் தெருவில் குடும்பத்துக்கு விடும் வீடுகள் ஒன்றொன்றாகக் குறைகின்றன.

நம் சமூகத்துக்கு இதில் கூடுதலாக ஒரு பாதகம் இருக்கிறது. பள்ளிவாசலுக்கு நடந்து போகும் தூரத்தில், பிள்ளைகள் மதரசாவுக்குத் தனியாகப் போய்வரும் தூரத்தில் வீடு வேண்டும் என்று தேடுகிறோம். அதைத் தாண்டித் தேடினால் சில இடங்களில் பெயரைக் கேட்டதும், அல்லது ‘அசைவம் சமைப்பீர்களா’ என்று கேட்டு, கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஆக நமக்குக் கிடைக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கை மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. தேர்வு குறைந்தவர் பேரம் பேச முடியாது. வீட்டுக்காரருக்கும் அது தெரியும், புரோக்கருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

‘அப்படியானால் இன்னும் கொஞ்சம் தெற்கே போய்விடலாமே’ என்று சொல்பவர்கள் உண்டு. தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வரை சரி. முள்ளோடையைத் தாண்டிவிட்டால் அது தமிழ்நாடு, கடலூர் மாவட்டம். வாடகை குறைகிறதே என்று ரெட்டிச்சாவடி பக்கம் போகும் குடும்பம், புதுச்சேரி ரேஷன் கார்டையும் இங்குள்ள நலத்திட்ட உதவிகளையும் விட்டுவிட்டுப் போகிறது. அதைவிடப் பெரியது பிள்ளைகளின் படிப்பு. சென்டாக் மூலம் கல்லூரியில் சேரப் புதுச்சேரி குடியிருப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். அதற்குத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இங்கே வசித்ததைக் காட்ட வேண்டும். பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கும்போது எல்லையைத் தாண்டி வீடு மாறினால், மாதம் மிச்சமாகும் 2,000 ரூபாய்க்கு விலையாகப் போவது என்ன என்று பெற்றோர் யோசிக்க வேண்டும். வாடகைப் பிரச்சினை வெறும் வாடகையோடு முடிவதில்லை என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சட்டம் எங்கிருந்து வந்தது

வாடகைக்கு இருப்பவரைக் காக்கச் சட்டம் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அது அரசாங்கம் இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று நினைக்கிறார்கள். அது வந்த வழி வேறு.

1915ஆம் ஆண்டு, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டனில் கிளாஸ்கோ நகரத்துக் கப்பல் கட்டும் தளங்களுக்கு வேலைக்கு ஆட்கள் குவிந்தார்கள். வீடுகள் போதவில்லை. வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். ஆண்கள் போரிலோ தொழிற்சாலையிலோ இருக்க, வாசலில் வந்து நின்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது பெண்கள்தான். கோவன் என்ற பகுதியில் மேரி பார்பர் என்ற பெண்மணியின் தலைமையில் அவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். ஏற்றிய வாடகையைத் தர மறுத்தார்கள். வெளியேற்ற அதிகாரி வந்தால் மணி அடித்துக் கூட்டம் கூட்டி, மாவுப் பொட்டலத்தை அவர் மேல் வீசித் திருப்பி அனுப்பினார்கள். நவம்பர் 17 அன்று வாடகை தராதவர்கள் மீதான வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது, கப்பல் தளத் தொழிலாளர்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் அங்கே திரண்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் அரசு வாடகையைப் போருக்கு முந்தைய, 1914 ஆகஸ்ட் மாத அளவில் நிறுத்திச் சட்டம் போட்டது.

அதே போர்க்காலச் சட்டத்தின் வழியில் பம்பாயில் 1918இலும், கல்கத்தாவில் 1920இலும் வாடகைச் சட்டங்கள் வந்தன. சென்னை மாகாணத்தில் இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் உத்தரவாக வந்து, 1946இல் சட்டமாகி, 1960இல் திருத்தி எழுதப்பட்டது. பிரெஞ்சு ஆட்சி முடிந்த பின் புதுச்சேரிக்கும் அதே அச்சில் 1969இல் ஒரு சட்டம் வந்தது: புதுச்சேரி கட்டடங்கள் (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டம்.

இந்த வகைச் சட்டத்தின் உயிர் ஒரே இடத்தில் இருக்கிறது. குடியிருப்பவரை வெளியேற்ற வேண்டும் என்றால் வீட்டுக்காரர் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் மனு போட்டு உத்தரவு பெற வேண்டும். காரணமும் சட்டம் சொல்லும் காரணமாக இருக்க வேண்டும்: வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தது, வீட்டை உள்வாடகைக்கு விட்டது, வீட்டுக்காரருக்கு உண்மையாகவே சொந்தத் தேவை, இடித்துக் கட்டுவது போன்றவை. வாடகை வாங்கினால் ரசீது கேட்க உரிமை உண்டு. தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி நெருக்குவது தவறு. எந்தப் பகுதிக்கு, எந்த மாதிரிக் கட்டடத்துக்கு இந்தச் சட்டம் செல்லும் என்பதற்கு வரையறைகள் இருப்பதால், உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லா வீட்டுக்கும் பொருந்துகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஊருக்குப் போயிருந்தபோது வீட்டுக்காரர் பூட்டு மாற்றிச் சாமானை வெளியே வைத்துவிட்டார் என்றால், அவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் அது சட்டப்படி செல்லாது. 1963ஆம் ஆண்டின் தனிப்பட்ட நிவாரணச் சட்டம், ஆறாவது பிரிவின்படி, ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் போனால் வீட்டில் மறுபடி உட்கார வைக்க உத்தரவு கேட்கலாம். ஆறு மாதம் தாண்டினால் இந்த வழி அடைபட்டுவிடும்.

எல்லையைத் தாண்டி உறவினர் உள்ளவர்களுக்காக ஒரு வரி: தமிழ்நாட்டில் பழைய 1960 சட்டம் போய், 2017இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி குடியிருப்பு வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது.

இவ்வளவு சட்டம் இருந்தும் ஏன் குடும்பங்கள் இரவோடு இரவாகக் காலி செய்கின்றன? தனியாக நிற்கும் ஒருவருக்குச் சட்டம் காகிதமாகவே இருந்துவிடுகிறது என்பதுதான் காரணம். வழக்குப் போட நேரமில்லை. வீட்டுக்காரர் தெரிந்தவர், பகைத்துக்கொண்டால் வேறு யாரும் வீடு தர மாட்டார்கள் என்ற பயம். ரசீது கேட்டால் ‘நம்பிக்கை இல்லையா’ என்ற பேச்சு. எட்டு வீடு உள்ள ஒரு லைனில் வாடகை ஏற்றும்போது வீட்டுக்காரர் எட்டுப் பேரிடமும் ஒரே நாளில் பேசுவதில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே, ‘மற்ற எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்’ என்று சொல்லிப் பேசுகிறார். எட்டுப் பேரும் முன்கூட்டியே ஒருவரோடொருவர் பேசியிருந்தால் அந்த ஒரு வாக்கியம் எடுபடாது. ஒன்று கூடுவது என்று நான் சொல்வதன் முதல் படி அவ்வளவுதான்.

பம்பாயில் நடந்தது

ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 1960களில் தச்சு வேலை தேடி பம்பாய்க்குப் போய், மான்கூர்த் பக்கம் ஜனதா காலனி என்ற இடத்தில் தங்கினார். நகரின் உள்ளே இருந்து அப்புறப்படுத்திய மக்களை மாநகராட்சியே குடியமர்த்திய இடம் அது. ஆனால் குப்பை அள்ளக்கூட வண்டி வராது. அற்புதம் பிள்ளைகளைச் சேர்த்து, ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுபோய் மாநகராட்சி அலுவலகத்தில் வைக்கச் செய்தார். அதன் பிறகு வண்டி வந்தது. அவருடைய பாணிக்கு இது ஒரு மாதிரி.

பக்கத்தில் இருந்த அணு ஆராய்ச்சி மையத்துக்காக அந்த நிலம் கேட்கப்பட்டபோது பல ஆண்டுகள் வழக்கு, மனு, டில்லிப் பயணம் என்று போராடினார்கள். அற்புதம் டில்லிக்குப் போய் நாடாளுமன்றத்தின் எதிரில் உட்கார்ந்து இந்திரா காந்தியைச் சந்தித்தார். இந்தப் போராட்டத்தின் நடுவில்தான், 1974இல், தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு உருவானது. ஆனாலும் தோற்றார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள்.

ஆனால் அவர்கள் சிதறவில்லை. ஒரே கூட்டமாக இருந்ததால் ஒரே இடத்துக்கு, அதுவும் பக்கத்திலேயே டிராம்பேயில் உள்ள சீட்டா கேம்புக்கு, மாற்றப்பட்டார்கள். தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் இன்றும் அங்கே நிறைய. பார்த்த வேலை, அறிந்த அக்கம்பக்கம், பள்ளிவாசல் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் மிஞ்சின. சென்னையின் நடுவில் இருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் இருபது கிலோமீட்டர் தள்ளி அனுப்பப்பட்ட குடும்பங்கள் வேலையையும் பிள்ளைகளின் பள்ளியையும் இழந்து பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் விளங்கும்.

அடுத்த அத்தியாயம் பைகுல்லாவில். நடைபாதையில் ஓலையும் பிளாஸ்டிக்கும் போட்டுக் குடியிருந்த பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 1981இல் மாநில அரசு நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்த ஆணையிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்களே, அதுதான். 1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. அது பெரிய விஷயம். ஆனால் உரிய முறையில் நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. நடைபாதையில் இருந்த பெண்ணுக்கு இரண்டாவது பாதிதான் காதில் விழுந்தது.

ஸ்பார்க் என்ற சிறு தொண்டு நிறுவனம் 1984இல் தொடங்கப்பட்டு அந்தப் பெண்களோடு வேலை செய்துகொண்டிருந்தது. மறியல் செய்வதா, புல்டோசர் முன்னால் படுப்பதா என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது இவர்கள் செய்தது வேறு. தங்களையே எண்ணினார்கள். சுமார் 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள்: எங்கிருந்து வந்தோம், எத்தனை ஆண்டாக இருக்கிறோம், என்ன வேலை, வேலை இடம் எவ்வளவு தூரம். அரசிடம் அந்தக் கணக்கு இல்லை. ‘நேற்று வந்தவர்கள், எங்கிருந்தோ வந்த கூட்டம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் மேசையில் 1985இல் அந்த அறிக்கையை வைத்தார்கள்.

அடுத்த ஆண்டு அந்தப் பெண்கள் ‘மஹிளா மிலன்’ என்ற பெயரில் தங்களுக்கென்று ஓர் அமைப்பு தொடங்கினார்கள். அற்புதத்தின் கூட்டமைப்பும் இவர்களோடு கைகோத்தது. அவர்கள் செய்தவற்றைக் கேட்டால் மிகச் சாதாரணமாக இருக்கும். முதலில் ரேஷன் கார்டு. அலுவலகத்துக்குக் கூட்டாகப் போனார்கள், படிவம் எது, யாரிடம் கொடுப்பது என்று கற்றுக்கொண்டார்கள், அடுத்த தெருப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு தினசரிச் சேமிப்பு, ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஒவ்வொரு தொகைக்கும் ஒரு நிறக் காகிதத்தை வெட்டி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கணக்கு வைத்தார்கள். வீடு கிடைத்தால் எப்படி இருக்க வேண்டும் என்று தாங்களே திட்டம் போட்டபோது, அறையின் நீளத்தையும் உயரத்தையும் சேலையை வைத்து அளந்தார்கள். இடிக்க வரும் நாள் தெரிந்தால், போலீஸோடு பேசி, தாங்களே பிரித்துச் சாமானைப் பத்திரப்படுத்தினார்கள். பாத்திர பண்டமாவது பறிபோகாமல் மிஞ்சியது.

உடனே எதுவும் கிடைத்துவிடவில்லை. 1995இல்தான் மகாராஷ்டிர அரசின் குடிசைப் பகுதி மறுவாழ்வுக் கொள்கையில் நடைபாதைவாசிகளும் முதன்முறையாக மாற்று வீட்டுக்கு உரியவர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். எண்ணத் தொடங்கிப் பத்து ஆண்டுகள். அதற்குப் பிறகு வீடு கைக்கு வந்து சேர இன்னும் பல ஆண்டுகள். அற்புதத்துக்கு 2000இல் மகசேசே விருது, 2011இல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் காலமானார்.

நமக்கு எது பொருந்தும்

நாம் நடைபாதையில் இல்லை. புல்டோசர் வரவில்லை. வாடகைக்கு இருக்கிறோம், நம் எதிரில் இருப்பவர் அரசாங்கம் அல்ல, ஒரு தனி மனிதர். பல சமயம் அவரும் நம் ஜமாஅத்தைச் சேர்ந்தவர், நமக்குப் பக்கத்து ஸஃப்பில் நிற்பவர். சிலருக்கு அந்த வாடகைதான் வருமானமே. வளைகுடாவில் இருபது வருடம் உழைத்துக் கட்டிய ஒரே வீடு. அல்லது கணவரை இழந்த ஒரு பெண்மணிக்கு மாத வருமானமே அந்த இரண்டு போர்ஷன் வாடகைதான். இவர்களை எதிரியாக்கி ஒரு சங்கம் அமைத்தால் அது ஊரைப் பிளக்கும். ஆகவே கிளாஸ்கோவின் வழியை, அதாவது வாடகையை நிறுத்துவதை, யாரும் இங்கே முயற்சி செய்ய வேண்டாம். வாடகை பாக்கி என்பது சட்டமே வெளியேற்றத்துக்கு அனுமதிக்கும் காரணம். வீட்டுக்காரர் வாங்க மறுத்தால்கூட மணியார்டரிலோ வங்கி வழியாகவோ அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ள வேண்டும்.

பைகுல்லாப் பெண்களிடம் இருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது முதலாவதாகக் கணக்கு. நம் மஹல்லாவில் எத்தனை குடும்பம் வாடகைக்கு இருக்கிறது? எத்தனை ஆண்டாக? கடைசியாக எப்போது, எவ்வளவு ஏறியது? எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? ஒரு நோட்டில் இவ்வளவையும் எழுதிவிட்டால் போதும். இதைப் பெண்களே வீடு வீடாகப் போய் எழுதினால் சரியாக வரும், பகலில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தான். பெயரோடு இருக்கும் அந்த நோட்டு புரோக்கர்கள் கைக்குப் போகாமல் ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும், அது அமானிதம். கணக்கு கையில் இருந்தால், ‘இந்தத் தெருவில் எல்லோரும் 9,000 கொடுக்கிறார்கள்’ என்று யாராவது சொல்லும்போது அது உண்மையா என்று தெரியும். ஜமாஅத் நிர்வாகிகள் ஒரு வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசும்போதும், கெஞ்சுவதற்குப் பதிலாகக் கணக்கோடு பேசலாம்: இத்தனை வருடம் பாக்கி இல்லாமல் கொடுத்த குடும்பம், மூன்று வருடத்துக்கு இன்ன அளவில் ஏற்றிக்கொள்ளுங்கள், எழுதிக்கொள்வோம் என்று. நல்ல குடித்தனக்காரர் போய்விட்டால் வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடக்கும் நஷ்டத்தை எந்த வீட்டுக்காரருக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது எழுத்து. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதும் சாட்சி வைப்பதும் நம் மார்க்கம் வலியுறுத்தும் விஷயம். அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனத்தை ஆலிம்கள் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறார்கள். ஆகவே ரசீது கேட்பது நம்பிக்கையின்மை அல்ல. வாடகையை ஜிபேயில் அனுப்பினால் ‘ஜனவரி வாடகை’ என்று குறிப்புப் போட்டு அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் ஒரு சின்ன நோட்டில் தேதி, தொகை, கையெழுத்து. அட்வான்ஸ் எவ்வளவு, வெள்ளையடிக்கும் செலவு யாருடையது, கரண்ட் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். 11 மாத ஒப்பந்தம் என்று எல்லோரும் எழுதுவது, ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான். 11 மாதம் முடிந்த மறுநாளே பெட்டியைத் தூக்க வேண்டும் என்பதற்காக அல்ல. பிள்ளையின் குடியிருப்புச் சான்றிதழுக்கும் இந்தக் காகிதங்கள்தான் பிற்காலத்தில் கை கொடுக்கும்.

போகியத்துக்கு, அதாவது மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து வாடகை இல்லாமல் இருப்பவர்கள், தனியாகக் கவனிக்க வேண்டும். அது மார்க்கத்தில் கூடுமா என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உலக வழக்கில் சொல்வதென்றால், அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்து வங்கி வீட்டை எடுத்துக்கொண்டால், கொடுத்த லட்சங்களை வாங்க நீங்கள் அலைய வேண்டியிருக்கும். பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கணவர் வெளிநாட்டில், மனைவி மட்டும் பிள்ளைகளோடு இருக்கும் வீடுகள் நம்மில் பல. ‘காலி பண்ணிடும்மா’ என்ற பேச்சு பெரும்பாலும் அவர்களிடம்தான் முதலில் வருகிறது. அப்படி ஒருவர் வந்தால் தனியாகப் பதில் சொல்லாமல், ‘ஜமாஅத்தில் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை சொல்கிறோம்’ என்று நிறுத்தி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வது நல்லது. இதைவிட மனதை வாட்டுவது இத்தா காலம். கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் அந்த வீட்டில் இருக்க வேண்டியவர். வாடகை தருபவர் போய்விட்டாரே என்று வீட்டுக்காரர் அவசரப்படுகிறார். அந்த நாட்களுக்கான வாடகைக்கு ஜமாஅத் பொறுப்பேற்று முதல் வாரத்திலேயே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள். புது வீட்டு அட்வான்ஸுக்குக் கொடுப்பதைவிட அது குறைந்த செலவும்கூட.

மஹிளா மிலன் போலச் சிறு சேமிப்பும் நாம் செய்யலாம், வட்டியில்லாமல். வாரம் 50 ரூபாய் வீதம் இருபது குடும்பம் போட்டால் வருடத்தில் 52,000 ரூபாய். திடீரென்று வீடு மாற வேண்டி வந்தவருக்கு அதிலிருந்து அழகிய கடனாகக் கொடுத்து, மாதாமாதம் திருப்பி வாங்கலாம். கணக்கை மாதம் ஒருமுறை எல்லோர் முன்னும் படிக்க வேண்டும், இல்லையென்றால் மூன்றாவது மாதமே சச்சரவு வரும்.

ஒரு லைனில் எட்டு வீடு என்றால் எட்டும் முஸ்லிம் வீடாக இருக்காது. மீனவக் குடும்பமோ, கட்டட வேலைக்கு வந்த குடும்பமோ பக்கத்தில் இருக்கும். வாடகை அவர்களுக்கும்தான் ஏறுகிறது. அவர்களை விட்டுவிட்டு நாம் மட்டும் பேசினால், ‘மற்ற எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்’ என்ற அந்தப் பழைய வாக்கியம் மறுபடி உண்மையாகிவிடும்.

பேசித் தீராதவை சட்ட உதவிக்குப் போகலாம். சட்டப் பணிகள் ஆணையத்தின் இலவச வழக்கறிஞர் உதவி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் கிடைக்கும். மாற்றுத் திறனாளிகளுக்கும் அப்படியே. மற்றவர்களுக்குக் குறைந்த வருமானம் என்றால் உண்டு. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100. போகும்போது வாடகை ஒப்பந்தம், ரசீது அல்லது பணம் அனுப்பிய விவரம், கடைசி மூன்று மாதக் கரண்ட் பில், ஆதார், ரேஷன் கார்டு இவற்றின் நகலை எடுத்துச் செல்லுங்கள். வீட்டுக்காரர் வாட்ஸ்ஆப்பில் எதுவும் அனுப்பியிருந்தால் அதை அழிக்காமல் போனிலேயே வைத்திருங்கள்.